ஞாயிறு ஆராதனை எவ்வளவு நேரம் இருக்கலாம்? எங்கள் கோயிலில் 2 மணி 42 நிமிடம்

கணக்கன்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் தள்ளி எங்கள் ஊர். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவன். இந்த முறை சேகரக் கமிட்டித் (ஒரே போதகரின் கீழ் இருக்கும் சில சபைகளுக்கான கமிட்டி) தேர்தலில் எதிர்த்து யாரும் நிற்காததால் ஜெயித்துவிட்டேன். முதல் கூட்டத்திலேயே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "ஆராதனை ரொம்ப நீளுது" என்றேன். "சரி, எவ்வளவு நேரம் இருக்கணும்னு நீங்களே எழுதிக் கொண்டுவாங்க" என்று ஐயர் (எங்கள் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) சொல்லிவிட்டார். கோபத்தில் சொன்னாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்னும் பிடிபடவில்லை. மினிட் புத்தகத்தில் மட்டும் என் பேர் ஏறிவிட்டது.

நான் அப்படிப் பேசியதற்குக் காரணம் என் அம்மா. வயது 74, சர்க்கரை உண்டு. அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்து ஞாயிறன்று வெறும் வயிற்றோடுதான் கோயிலுக்கு வருவார். எந்தச் சட்டத்திலும் அப்படி இல்லை என்று ஐயரே சொல்லியும் கேட்பதில்லை, அவருடைய அம்மா காலத்துப் பழக்கம். அன்றைக்கு மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். மணி 10.50 இருக்கும், பெண்கள் பக்கம் சலசலப்பு. திரும்பிப் பார்த்தால் அம்மா பக்கத்தில் இருந்தவர் தோளில் சாய்ந்து கிடக்கிறார். நெற்றியெல்லாம் வியர்த்து, முக்காடு போட்டிருந்த சேலைத் தலைப்பு ஈரத்தில் தலையோடு ஒட்டியிருந்தது. பின் பெஞ்சில் இருந்த டீச்சர் ஒருவர், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கி வைத்திருந்த தேன்மிட்டாய் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரித்து இரண்டை அம்மா வாயில் வைத்தார். கால் மணி நேரத்தில் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். கேட்ட முதல் கேள்வி: "என் வரிசை போயிட்டா?"

அதற்குப் பிறகு ஆறு ஞாயிறு, மொபைலை மடியில் வைத்துக்கொண்டு நேரம் குறித்தேன். (பக்கத்தில் இருந்தவர் நான் கிரிக்கெட் பார்க்கிறேன் என்று நினைத்து ஸ்கோர் கேட்டார்.) சாதாரண ஞாயிறு ஒன்றே முக்கால் மணியிலிருந்து இரண்டு மணி நேரம். திருவிருந்து ஞாயிறுதான் எல்லை மீறுகிறது. போன தடவை இப்படி:

8.30 மணி ஆராதனை 8.40க்குத் தொடங்கி 11.22க்கு முடிந்தது. பாமாலை, கீர்த்தனை, பாடகர் குழுவின் விசேஷப் பாட்டு எல்லாம் சேர்த்து 27 நிமிடம். பாவ அறிக்கை, வேத பாடங்கள், சங்கீதம், ஜெபங்கள் 26. அறிவிப்புகள் 19. பிறந்தநாள், திருமண நாள், ஸ்தோத்திரக் காணிக்கைப் பேர் வாசிப்பு 16. பிரசங்கம் 33. திருவிருந்து 41.

பிரசங்கம்தான் நேரத்தைத் தின்கிறது என்று ஊரே சொல்கிறது, நானும் சொன்னேன். கூட்டிப் பாருங்கள். அறிவிப்பும் பேர் வாசிப்புமே 35 நிமிடம்! திருவிருந்தை எடுத்துக்கொண்டால் அன்று வந்தவர்கள் சுமார் 410 பேர். பீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதியில் ஒரு வரிசைக்கு 22 பேர் முழங்கால்படியிடலாம். 19 வரிசை, வரிசைக்கு இரண்டு நிமிடம். அதில் யாரைக் குறை சொல்ல?

வாலிபர் சங்கத்தில் கேட்டால் ஒரு மணி நேரம் போதும் என்கிறார்கள். பெரியவர்களோ, "சினிமாவுக்கு மூணு மணி நேரம் உக்காருறீங்க, கர்த்தருக்கு உக்கார முடியலையா" என்கிறார்கள். இந்தச் சினிமா உவமையை நான் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். இப்போது படமே இரண்டரை மணி நேரத்தில் முடிகிறது, அதிலும் இடைவேளை உண்டு, பப்ஸ் உண்டு.

உங்கள் சபைகளில் எவ்வளவு நேரம்? யாராவது குறைத்துப் பார்த்திருக்கிறீர்களா? எதைத் தொட்டால் சண்டை வரும்? கமிட்டிக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

லித்தானியா:

தம்பி, நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நாசரேத் பக்கம் பிறந்து இப்போது சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறேன்.

நீளமான ஆராதனைதான் முன்னோர் வழி என்று கமிட்டியில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். அதற்காக ஒன்று சொல்லி வைக்கிறேன். நம் ஆராதனைப் புத்தகத்தின் வேர் இங்கிலாந்துத் திருச்சபையில் இருக்கிறது. அங்கே ஞாயிறு காலையில் காலை ஜெபம், லித்தானியா என்ற தொடர் மன்றாட்டு, திருவிருந்து முறையின் முன்பகுதி மூன்றையும் அடுத்தடுத்து நடத்திப் பிரசங்கமும் வைப்பது வெகுகாலப் பழக்கம். நீளம் தாங்காமல் 1872இல் அந்த நாட்டுப் பாராளுமன்றமே சட்டம் போட்டு, இவற்றைத் தனித்தனியாக நடத்தலாம், சுருக்கலாம் என்று அனுமதித்தது. அதற்கும் முன்னால், 16, 17ஆம் நூற்றாண்டுகளில், பிரசங்க மேடையிலேயே மணற்கடிகாரம் வைத்த கோயில்கள் அங்கே உண்டு. ஆக, நீளத்தைப் பற்றிய இந்தப் புலம்பலும் முன்னோர் வழிதான்.

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27இல் உருவானது. அதன் திருவிருந்து முறை 1950இல் வந்தது. ஆயத்தம், வசன ஊழியம், அப்பம் பிட்குதல் என்று மூன்று பாகம், கச்சிதமாகக் கட்டிய வீடு மாதிரி. உங்கள் கணக்கில் பாவ அறிக்கை முதல் ஜெபங்கள் வரை 26 நிமிடம்தானே வருகிறது? புத்தகத்தின் மேல் பழி இல்லை என்பது அதிலேயே தெரிகிறது. வீட்டைச் சுற்றி நாம் இறக்கிய தாழ்வாரங்கள்தான் பெரிதாகிவிட்டன.

வேதத்தில் அளவு தேடினால் இரண்டு பக்கத்துக்கும் வசனம் கிடைக்கும். நெகேமியா 8இல் எஸ்றா காலையிலிருந்து மத்தியானம் வரை வாசிக்கிறார், ஜனங்கள் கவனமாகக் கேட்கிறார்கள். அப்போஸ்தலர் 20இல் துரோவா பட்டணத்தில் பவுல் நடுராத்திரி வரை பேச, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்துவிடுகிறான். பவுல் இறங்கி வந்து அவனை எழுப்புகிறார். பிறகு மேலே ஏறி விடியும் வரை மறுபடியும் பேசுகிறார். இந்தக் கடைசி வரியைப் போதகர்கள் யாரும் மறப்பதில்லை!

அம்மாவை இரண்டு இட்லி சாப்பிட்டு வரச் சொல்லுங்கள். ஐயரம்மா சொன்னால் கேட்பார்கள், மகன் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

முத்துநகர்:

அண்ணாச்சி, நான் தூத்துக்குடி, கத்தோலிக்கன். எங்களுக்கு இந்தப் பிரச்சினையே வேறு மாதிரி. காலை முதல் பூசை முடிந்து ஆட்கள் வெளியே வருவதற்குள் அடுத்த பூசைக்கு ஆட்கள் படியில் நிற்பார்கள். அதனால் 50 நிமிடம், மிஞ்சினால் ஒரு மணி நேரம். நீட்ட நினைத்தாலும் முடியாது.

மறையுரை பற்றி ரோமிலிருந்தே பேச்சு வந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2018இல் சொன்னார். 2024 ஜூனில் அதையும் எட்டு நிமிடமாகக் குறைத்தார், அதற்கு மேல் போனால் ஜனங்கள் தூங்கிவிடுவார்கள் என்று காரணமும் சொன்னார். எங்கள் சாமியாருக்கு இந்தச் செய்தி வந்து சேர்ந்ததா என்று தெரியவில்லை, அவர் 20 நிமிடத்தில்தான் இருக்கிறார்.

ஆனால் பனிமய மாதா திருவிழா என்றால் கதை மாறிவிடும். ஜூலை 26 கொடியேற்றத்திலிருந்து ஆகஸ்ட் 5 வரை தினமும் கோயில்தான். கடைசி நாள் வெயிலில் மணிக்கணக்காக நிற்கிற என் பெரியம்மா ஒரு தடவைகூட மணி பார்த்ததில்லை. அதே பெரியம்மா சாதாரண ஞாயிறில் மறையுரை 12 நிமிடம் தாண்டினால் செருமுவார். அது எப்படி என்று எனக்கும் விளங்கவில்லை.

பனியன் கம்பெனி:

பிரதர், நான் திருப்பூர். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறேன். எங்களுக்கு 9.30க்கு ஆரம்பித்தால் 1.30 ஆகும், சில நாள் 2 ஆகும். நீங்கள் 2 மணி 42 நிமிடம் என்று தலைப்பில் போட்டிருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள்.

வாரம் ஆறு நாள் செக்கிங் டேபிளில் நிற்கிறேன். ஆர்டர் நெருக்கினால் ராத்திரி பத்து மணி. அங்கே பாத்ரூம் போனாலும் நேரம் பார்ப்பார்கள். ஞாயிறு ஒரு நாள்தான் யாரும் எனக்கு நேரம் பார்க்காத நாள். துதி ஆராதனை முக்கால் மணி நேரம். சாட்சி சொல்ல யார் வேண்டுமானாலும் எழுந்து நிற்கலாம். போன மாதம் என் ரூம் பொண்ணு, ஊரில் அப்பா குடியை விட்டு நாற்பது நாள் ஆயிற்று என்று சொல்ல எழுந்தாள். பாதியில் அழுதுவிட்டாள். மைக்கைப் பிடித்தபடி நின்றாள், யாரும் அவசரப்படுத்தவில்லை. அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, மீதியையும் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். எட்டு நிமிடம் ஆகியிருக்கும். உங்கள் கமிட்டி வந்திருந்தால் அதை எந்தத் தலைப்பில் எழுதும்?

குறையே இல்லை என்று சொல்லவில்லை. சவுண்ட் பாக்ஸ் சத்தத்தில் காது அடைக்கிறது. கைக்குழந்தைக்காரிகள் வெளியே ஷெட்டில்தான் பாதி நேரம். ஆனால் எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு அங்கேயே உண்டு, தக்காளி சாதம், முட்டை. ஆளை உட்கார வைத்தால் சாப்பாடும் போட வேண்டும், அவ்வளவுதான்.

பதினொண்ணரை மணி:

கணக்கன் அண்ணே, உங்கள் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது.

உங்கள் சேகரத்தில் எத்தனை சபை? நான் வேறு சேகரம், எங்களுக்கு ஆறு. பெரிய கோயிலில் 8.30 ஆராதனை முடித்துவிட்டு ஐயர் பைக்கில் எங்கள் ஊருக்கு வர வேண்டும். எங்களுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறுதான் திருவிருந்து. 11.30 என்று போர்டில் எழுதியிருக்கும். நாற்பது குடும்பம், தகர ஷெட். 11 மணிக்கே பாய் விரித்து உட்கார்ந்துவிடுவோம். சபை ஊழியர் பாட்டு ஆரம்பிப்பார். தெரிந்த கீர்த்தனை எல்லாம் பாடி முடித்து, முதலில் பாடியதையே மறுபடியும் பாடுவோம். பிள்ளைகள் ரோட்டு வளைவில் போய் நின்று, பைக் சத்தம் கேட்டால் ஓடி வந்து சொல்லும். பெரிய கோயிலில் யாருக்கோ வெளிநாட்டு விசா கிடைத்ததற்கு ஸ்தோத்திர ஜெபம் நீண்டால், இங்கே தகரத்துக்குக் கீழே நாங்கள் வெந்துகொண்டிருப்போம்.

ஐயர் வந்து சேரும்போது அவருக்கே தொண்டை போயிருக்கும். பிரசங்கம் பத்து நிமிடம். குறை சொல்லவில்லை, மனுஷன் காலையிலிருந்து பேசுகிறார். ஆனால் எல்லா மாதமும் மிச்சம்தான் எங்களுக்கு வருகிறது.

பாலைவனத்து மணல்:

துபாயிலிருந்து. இங்கே ஒரே வளாகத்தில் பல மொழிச் சபைகள், ஹாலுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறது. எங்கள் தமிழ்ச் சபைக்கு இரண்டு மணி நேரம், நாற்காலி ஒழுங்கு செய்வதும் அதற்குள். முன்பு எல்லாமே வெள்ளிக்கிழமைதான். 2022 ஜனவரியில் வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறிய பிறகு ஞாயிறு ஹாலுக்குத் தள்ளுமுள்ளு. 20 நிமிடம் தாண்டிப் பிரசங்கம் போனால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே மலையாளச் சபைப் பாடகர்கள் கீபோர்டோடு நிற்பது தெரியும். எந்தக் கமிட்டித் தீர்மானத்தைவிடவும் அது நன்றாக வேலை செய்கிறது.

வெள்ளை அங்கி:

நான் ஒரு சேகர குரு. பேர், ஊர் வேண்டாம்.

மதுரை அரசரடியில் இறையியல் படித்தபோது பிரசங்கம் 20 நிமிடம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். முதல் சேகரத்தில் ஒரு வருடம் அப்படியே செய்தேன், 18 முதல் 20. ஒரு பெரியவர் வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு அன்பாகக் கேட்டார்: "ஐயருக்கு உடம்புக்கு ஏதும் முடியலையா? வந்ததிலிருந்து பார்க்கேன், சட்டுனு இறங்கிடுதிய." அடுத்த மாதம் 30 நிமிடம் ஆனேன். சரக்கு இல்லாதவன் என்று பேர் வாங்க யாருக்குப் பிடிக்கும்?

அறிவிப்பைக் குறைக்கச் சொல்கிறீர்கள். செய்து பார்த்தேன். ஸ்தோத்திரக் காணிக்கைப் பேர்களை வாசிக்காமல் நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். மகனுக்கு வேலை கிடைத்ததற்கு 501 ரூபாய் கொடுத்த ஒருவர் மூன்று மாதம் கோயிலுக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். "ரூவா போர்டுக்கா கொடுத்தேன்?" என்றார். பணத்திமிர் என்று முதலில் நினைத்தேன். பேசப் பேசத்தான் தெரிந்தது, அந்தப் பையன் நாலு வருடம் வேலை இல்லாமல் இருந்தபோது ஊர் பேசிய பேச்சு. கோயில் மைக்கில் அவன் பேர் ஒரு தடவை ஒலிக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

அதனால் பேரை எடுக்காதீர்கள், பேரைச் சுற்றியிருப்பதை எடுங்கள். ஒவ்வொரு பேருக்கும் தனி ஜெபம், தனி வாழ்த்துப் பாட்டு, முன்னால் வந்து நிற்பது, போட்டோ, இதில்தான் நேரம் போகிறது. கல்யாண ஓலை (நடக்கப்போகும் திருமணத்தின் அறிவிப்பு) வாசிப்பதில் கை வைக்காதீர்கள். மீட்டிங் செய்திகளை எல்லாம் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். திருவிருந்துக்குக் கூடுதலாக ஒரு பாத்திரமும் இன்னொரு குருவானவரும் கிடைத்தால் கிராதியின் இரண்டு முனையிலிருந்தும் ஆரம்பிக்கலாம். பக்கத்தில் ஓய்வு பெற்ற குருமார் இருப்பார்கள், கூப்பிட்டால் சந்தோஷமாக வருவார்கள். முக்கியமாக, 8.30 என்றால் 8.30க்கு மணி அடித்து ஏறிவிடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

உங்கள் ஐயர் கோபத்தில் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கணக்கன்:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

வெள்ளை அங்கி ஐயா எழுதியதைப் பாதி அப்படியே பக்கத்தில் ஏற்றிவிட்டேன். பதினொண்ணரை மணி எழுதியதைக் கமிட்டியில் வாசித்தேன். எங்கள் சேகரத்தில் ஐந்து சபை. கடைசி மேஜையில் அதில் ஒரு சின்னச் சபை ஊரின் உறுப்பினர் ஒருவர் எப்போதும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். வாசித்து முடித்ததும் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர், "எங்களுக்கும் அப்படித்தான்" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் சினிமா உவமை வரவில்லை.

இந்த மாதத் திருவிருந்து ஞாயிறு: 8.30க்குத் தொடக்கம். அறிவிப்பு 5 நிமிடம், பேர் வாசிப்பு 8, எல்லாப் பேருக்கும் சேர்த்து ஒரே ஜெபம். ஐயர் பிரசங்கம் 25, அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேடையில் வைத்ததை நான் பார்த்தேன். ஓய்வு பெற்ற குருவானவர் ஒருவர் வந்தார், திருவிருந்து 27 நிமிடத்தில் முடிந்தது. ஆசீர்வாதம் சொல்லும்போது மணி 10.28. ஐயர் பைக்கை எடுத்தபோது 10.45. அந்த ஊரில் 11 மணிக்கே போய் நின்று, பாய் விரித்துக்கொண்டிருந்தவர்களைத் திகைக்க வைத்தாராம்.

பாட்டில் கை வைக்கவில்லை. திருப்பூர் தங்கை கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. சாட்சிக்கென்று எங்கள் ஆராதனையில் இடமே இல்லை, எந்தத் தலைப்பில் எழுத?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 10.28க்கு முடிந்த கோயிலிலிருந்து 11.20 வரை ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. வேப்பமரத்தடியில் காணிக்கைப் பொருள் ஏலம். ஒரு மணி நேரம் போதும் என்ற வாலிபர்கள்தான் நாட்டுக்கோழிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு கட்டு முருங்கைக்காயை 320 ரூபாய்க்கு எடுத்தேன், சந்தையில் அறுபதுக்குக் கிடைக்கும்.

அம்மா இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தார், ஐயரம்மா சொன்னார்கள் என்பதற்காக. இரண்டு இல்லை, ஒன்று.

அடுத்த ஞாயிறு வெளியூரிலிருந்து ஒரு பெரிய பிரசங்கியார் வருகிறார். 25 நிமிடம் என்று அவரிடம் யார் சொல்வது என்பதில் கமிட்டி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. மினிட் புத்தகத்தில் மறுபடியும் என் பேரைத்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது.